கீசர் பிறந்த ஊருக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இருக்கும் அக்கா அழைத்தாள் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து மூவருமாக அக்டோபரில் ஐஸ்லாந்து. இருந்தது நான்கு நாள். அதில் ஒரு முழு நாள் வழிகாட்டியோடு கூடிய பேருந்துச் சுற்றுலா. திரும்பி வந்ததிலிருந்து சித்தி, பெரியம்மா, அலுவலகத் தோழிகள், தோழிகளின் மாமியார்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

‘பொன் வட்டம்’ என்கிறார்களே, அது என்ன இடம்?

அது ஒரு இடமில்லை, ஒரு வழித்தடம். தலைநகர் ரெய்க்யவிக்கில் காலையில் கிளம்பி, திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குட்ல்ஃபோஸ் அருவி என்று மூன்றையும் பார்த்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்புவது. போகும் பாதையைப் பொறுத்து 230 முதல் 300 கிலோமீட்டர் வரை வரும். ஏறினதிலிருந்து இறங்குவது வரை எட்டு மணி நேரம் ஆகும். அருவியின் பெயரிலேயே பொன் இருக்கிறது: ‘குட்ல்’ என்றால் பொன், ‘ஃபோஸ்’ என்றால் அருவி. அந்தப் பொன்தான் மொத்த வட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரே நாளில் மூன்று இடமா? இறங்கு, போட்டோ எடு, ஏறு என்று ஓட்டமாகத்தானே இருக்கும்?

ஓட்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. எங்களுக்குக் கிடைத்தது திங்வெட்லிரில் முக்கால் மணி நேரம், கெய்சிரில் சாப்பாட்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், அருவியில் ஒரு மணி நேரம். மீதி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பேருந்துக்குள்.

இந்தக் கணக்கைக் கேட்டதுமே “அப்ப பாதி நாள் பஸ்லதானா?” என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் காசுக்குப் பெறுமானம். எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு வெளி, அதன் மேல் மெத்தை போல் பாசி, எங்கோ தரையிலிருந்து எழும் ஆவி என்று சன்னலுக்கு வெளியே எல்லாம் இருக்கிறது. என்ன பார்க்கிறோம் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் அது வெறும் பொட்டல்காடு ஆகிவிடும். எங்கள் வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, குளிர்காலத்தில் பள்ளிக்கூட டீச்சராம். மைக்கைப் பிடித்தால் கீழே வைக்கவில்லை. பின் இருக்கைகளில் பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கினார்கள். அவர்கள் பார்த்தது மூன்று இடம், அம்மா பார்த்தது ஒரு நாடு. காலையில் ஒரு காப்பியைக் கூடக் குடித்துவிட்டு ஏறுங்கள், தூங்காதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

கார் வாடகைக்கு எடுத்தால் இஷ்டப்படி போகலாமே?

போகலாம். கோடைக்காலத்தில், வலப்பக்கம் ஓட்டிப் பழகிய ஆள் கூட இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஊர்க் காற்று விளையாட்டில்லை. காற்றின் போக்கைப் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்தால், கதவு பின்பக்கமாக மடங்கிவிடும். அந்தச் சேதத்துக்குப் பல வாடகைக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. அக்டோபருக்கு மேல் சாலையில் பனி உறைந்து கண்ணாடி போலாகிவிடும். லண்டனில் தினமும் கார் ஓட்டும் அக்காவே “எனக்கு வேணாம்பா” என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு எழுபத்தொன்று, நடுவழியில் நின்றால் யார் தள்ளுவது?

பேருந்து என்று முடிவானால் அடுத்தது பெரிய பேருந்தா, இருபது பேர் போகும் சிறு வண்டியா என்ற கேள்வி. சிறு வண்டிக்குக் கட்டணம் கூடுதல், ஆனால் ஏறி இறங்குவதில் நேரம் மிச்சம். எரிமலை வாயான கெரித், தக்காளித் தோட்டம் போன்ற கூடுதல் இடங்களும் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும். நாங்கள் போனது பெரிய பேருந்தில். கெரித்தைப் பார்க்கவில்லை. சுமார் 55 மீட்டர் ஆழக் குழி, செம்மண் சரிவு, அடியில் நீலத் தண்ணீர் என்று அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல்.

விசா?

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கை கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனுக்கு வந்திருக்கிறோம், பிரிட்டன் விசாவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், போதாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடை விடுமுறை என்றால் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, முந்திக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நம்மவர்கள் முழிக்கும் வழக்கமான முழிப்பை நானும் முழித்தேன். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதினால் சரி. வேடிக்கை என்னவென்றால், ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் நம்மைப் போலவே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் யோன் என்றால் மகன் யோன்சொன், மகள் யோன்ஸ்டோட்டிர். அவ்வளவுதான். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதிலேயே சொந்தப் பெயர் வரிசையில்தான் ஆட்கள். நாட்டின் தலைவரையும் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோது அம்மா முன்னால் குனிந்து, “நம்ம இனிஷியல் மாதிரிதான்னு சொல்லுடி அவங்ககிட்ட” என்றாள். சொன்னேன். அடுத்த பத்து நிமிடம் மைக்கில் எங்கள் இனிஷியல்தான் பேச்சு.

பேருந்து ஹோட்டல் வாசலுக்கே வருமா?

நகரத்தின் நடுப்பகுதி ஹோட்டல் என்றால் வராது. அங்கே தெருக்கள் குறுகல், பெரிய வண்டிகளை விடுவதில்லை. எண் போட்ட சுற்றுலாப் பேருந்து நிறுத்தங்கள் இருக்கின்றன. உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்தில் எது என்று முன்பதிவுச் சீட்டில் இருக்கும். சொன்ன நேரத்தில் அங்கே போய் நிற்க வேண்டும். முதலில் ஒரு சிறு வண்டி வந்து பொறுக்கிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் விடும், அங்கே பெரிய வண்டிக்கு மாற வேண்டும். இதற்கே அரை மணி நேரம் போய்விடும். முந்தின நாள் மாலையே நிறுத்தத்தைப் போய்ப் பார்த்து வையுங்கள். டிசம்பரில் போனால் காலை ஒன்பது மணிக்கும் கும்மிருட்டாக இருக்கும்.

எந்த இருக்கை நல்லது?

முன்னால். இடமா வலமா என்பது முக்கியமில்லை. வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள் என்பதே நாளுக்கு நாள் மாறும். முன்னால் உட்கார்ந்தால் அகலக் கண்ணாடி, வழிகாட்டியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம், குமட்டலும் குறைவு. உட்கார்ந்ததும் பெல்ட் போடுங்கள், அங்கே அது சட்டம். பல வண்டிகளில் கழிப்பறை இருக்காது. நிற்கும் இடம் எல்லாவற்றிலும் உண்டு. நிற்கும்போதெல்லாம் போய்விட்டு வருவது புத்திசாலித்தனம்.

திங்வெட்லிரில் என்ன இருக்கிறது? படத்தில் பாறையும் புல்லும்தான் தெரிகிறது.

படத்தில் தெரிவது அதுதான். கட்டடம் என்று பார்த்தால் ஒரு சின்ன மரத் தேவாலயம், பக்கத்தில் ஒரு வீடு. கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கி.பி. 930ல் இந்தத் திடலில்தான் நாட்டின் தலைக்கட்டுகள் எல்லாம் கூடி ‘ஆல்திங்’ என்ற சபையை ஏற்படுத்தினார்கள். ராஜா கிடையாது, கோட்டை கிடையாது. ஆண்டுக்கொரு முறை கோடையில் நாலா பக்கமிருந்தும் குதிரையேறி வந்து கூடாரம் அடித்து, வழக்குப் பேசி, சம்பந்தம் பேசி, வியாபாரம் பேசிவிட்டுப் போவார்கள். எழுத்தில் சட்டம் இல்லாத காலம். சட்டம் சொல்பவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் ஒரு பாறை மேட்டில் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டில் மொத்தச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பின்னால் இருக்கும் நெடும்பாறைச் சுவர் குரலை எடுத்துக் கூட்டத்துக்குத் தரும். இப்போது அந்த மேட்டில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. 1798 வரை சபை இங்கேதான் கூடியது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஆயிரமாம் ஆண்டைச் சேர்ந்தது. நாடு பழைய தெய்வங்களை வணங்குவோர், கிறிஸ்தவர் என்று இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொள்ளும் நிலை. தீர்ப்பைச் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவரோ பழைய தெய்வத்தைக் கும்பிடுகிறவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைத் தலையோடு போர்த்திப் படுத்துக் கிடந்தாராம். எழுந்து வந்து, எல்லாரும் கிறிஸ்தவத்தை ஏற்கட்டும், ஆனால் வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய பூசை செய்தால் குற்றமில்லை, குதிரைக் கறியும் தின்னலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ரத்தம் சிந்தாமல் முடிந்தது. “நல்ல பஞ்சாயத்து” என்றாள் அம்மா.

எல்லாம் நல்ல கதை இல்லை. ஆற்றின் மேலுள்ள சிறு பாலத்தில் நின்றால் கீழே கறுப்பாக ஒரு மடு தெரியும். கள்ளத்தொடர்பு, சிசுக்கொலை போன்ற குற்றங்களுக்காக அதில் அமுக்கிக் கொல்லப்பட்ட பெண்கள் 18 பேர். எங்கள் வழிகாட்டி மைக்கை எடுக்காமல், அங்கே நின்று மெதுவான குரலில் சொன்ன ஒரே விஷயம் அதுதான். ஆண்களுக்கு என்ன தண்டனை என்று அக்கா கேட்டாள். தலையை வெட்டுவது, ஆனால் பல நேரம் தப்பித்துவிடுவார்கள் என்று பதில் வந்தது.

1944 ஜூன் 17 அன்று டென்மார்க்கிலிருந்து பிரிந்து குடியரசு ஆனதையும் இந்தத் திடலில், கொட்டும் மழையில்தான் அறிவித்தார்கள். 2004ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே ஒரு கால் அமெரிக்காவிலும் ஒரு கால் ஐரோப்பாவிலும் வைத்து நிற்கலாமாமே?

போட்டோவுக்கு நிற்கலாம். வட அமெரிக்க நிலத்தட்டும் யுரேசிய நிலத்தட்டும் விலகிப் போகும் இடம் இது என்பது உண்மை. ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகுகிறது, நகம் வளர்கிற வேகம்கூட இல்லை. ஆனால் இரண்டு தட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைக் கோடில்லை, சில கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கு. நீங்கள் நடந்து இறங்கும் அல்மன்னகியா என்ற பிளவின் மேற்குச் சுவர்தான் அமெரிக்கப் பக்கத்தின் விளிம்பு. ஐரோப்பா எதிர்ப்பக்கம் தூரத்தில் மங்கலாகத் தெரிவது. நடுவில் கால் விரித்து நிற்கும் படங்கள் எல்லாம் ஏதோ ஒரு சின்ன வெடிப்பில் எடுத்தவை. 2011ல் நடைபாதையிலேயே ஒரு குழி திடீரென்று வாய் பிளந்தது, இப்போது அதன் மேல் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். மிதித்து நடக்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் லேசாக உதறும்.

சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பிளவில் நீர் புகாத உடை மாட்டி மிதக்க விடுவார்கள், நீர் 2 முதல் 4 டிகிரி. அதற்குத் தனிச் சுற்றுலா, இந்தப் பேருந்தில் நேரம் இல்லை.

குளியலறை கீசருக்கும் இந்தக் கெய்சிருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுதான் இது! பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றுக்கு உலகமெங்கும் வழங்கும் சொல், இந்த ஒற்றை ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. அது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்க் குளியலறைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘பீறிடுவது’ என்று பொருள்படும் பழைய வினைச்சொல் அடி. அம்மாவுக்கு இந்த ஒரு செய்தி போதும், விமானச் சீட்டுக் காசு திரும்பிவிட்டது.

ஆனால் பெயர் தந்த பெரிய கெய்சிர் இப்போது பெரும்பாலும் தூக்கம். முன்பு 70 மீட்டர் வரைகூட எழும்பியிருக்கிறது. நிலநடுக்கம் வந்தால் விழித்துக்கொள்ளும், பிறகு மறுபடி அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டு நடுக்கத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் எழும்பியது. அது எழும்பாத காலத்தில் விருந்தாளிகளுக்காகச் சவர்க்காரத்தைக் கொட்டி எழுப்பியதும் உண்டு. 1894ல் ஒரு வெளிநாட்டுக்காரர் இடத்தை விலைக்கு வாங்கி, வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வசூலித்தார். 1935ல் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் திரும்ப வாங்கி நாட்டுக்கே கொடுத்துவிட்டார்.

இன்று கூட்டம் சூழ்ந்து நிற்பது பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோக்கூரைத்தான். ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 15, 20 மீட்டர் எழும்பும், சில நேரம் அதைவிட உயரமாக. பெயருக்குப் பொருள் மோர் கடையும் தாழி. பெயர் வைத்தவர் நம்ம ஆள்தான் போல என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

எப்படி எழும்புகிறது என்பதற்குப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கடியில் நீளக் குழாய் போல நீர் நிற்கிறது. மேலே உள்ள நீரின் பாரம் அழுத்துவதால், அடியில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். குமிழிகள் ஏறி மேல்நீரைக் கொஞ்சம் தள்ளிவிட்டதும் பாரம் குறையும். அந்தக் கணமே அடிநீரில் ஒரு பகுதி ஆவியாகி, மீதி நீரையும் தள்ளிக்கொண்டு சீறும். வெயிட்டைத் திடீரென்று தூக்கினால் என்ன ஆகும், அதேதான்.

மூன்று முறையாவது நின்று பாருங்கள். முதல் தடவை போனை எடுக்காதீர்கள். பீறிடுவதற்கு ஒரு நொடி முன்னால் நீரின் மேற்பரப்பு நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி புடைக்கும், திரை வழியாகப் பார்த்தால் அது தப்பிவிடும். இரண்டாம் தடவை படம் எடுங்கள். மூன்றாவது, எழும்பும் தண்ணீரை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கும் முகங்களைப் பாருங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனித்து அந்தப் பக்கமே நிற்பது முக்கியம். கயிற்றைத் தாண்டாதீர்கள், சிற்றோடையில் விரல் வைக்காதீர்கள். “சூடா இருக்கான்னு பார்க்கிறேன்” என்று குனிந்த ஒருவரை வழிகாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அருவி எப்படி? குற்றாலம் மாதிரி குளிக்கலாமா?

பெருமாளே, வேண்டாம். நாட்டின் இரண்டாம் பெரிய பனிப்பாறையான லாங்ஜோகுட்ல் உருகி வரும் நீர். ஆற்றின் பெயர் க்விதா, வெள்ளாறு என்று பொருள். நம் கடலூர்ப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரேதான். இரண்டு படியாக விழுகிறது: முதலில் 11 மீட்டர், அடுத்து 21 மீட்டர். கீழே குறுகிய பள்ளத்துக்குள் திரும்பி மறைந்துவிடுவதால், ஆறு பூமிக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாது. வெயில் அடித்தால் வானவில் நிச்சயம். எங்களுக்கு நாலே நிமிடம் அடித்தது.

பாறையில் ஒரு பெண் முகம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அது சிக்ரீதுர் தோமஸ்டோட்டிர், பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலாளிகள் இங்கே மின்சார அணை கட்டக் குத்தகை பிடித்தார்கள். இவர் பலமுறை ரெய்க்யவிக் வரை நடந்தே போய் வழக்காடினார், அணை கட்டினால் அருவியில் குதித்துவிடுவேன் என்றார் என்கிறது கதை. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. சுற்றுலாப் பேச்சில் அவர் வழக்கில் ஜெயித்ததாக முடித்துவிடுவார்கள். எங்கள் டீச்சரம்மா அப்படி முடிக்கவில்லை: வழக்கு தோற்றது. குத்தகைக்காரர்கள் வாடகை கட்டாததால் ஒப்பந்தம் 1929ல் காலாவதியானது, அருவி பிழைத்தது. அவருக்கு வாதாடிய வக்கீல் ஸ்வெய்ன் ப்யோர்ன்சொன் பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். 1979ல் அருவி காப்பிடம் ஆக்கப்பட்டது. ஜெயித்த கதையைவிட இந்தக் கதைதான் எனக்கு நிற்கிறது.

பேருந்தைத் தவறவிட்டால்?

இறங்கும்போது கிளம்பும் நேரத்தைச் சொல்வார்கள். ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், தலையை எண்ணுவார்கள், பிறகு தேடுவார்கள். ஆனால் உங்களால் நாற்பது பேர் காத்திருப்பார்கள். ஏறும்போது அத்தனை கண்ணும் உங்கள் மேல்தான். வண்டி எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அருவி நிறுத்தத்தில் ஒரே நிறத்தில் ஐந்து பேருந்து நின்றன. அக்கா இன்னொன்றில் ஏறி, வசதியாக உட்கார்ந்து, பிஸ்கெட்டைப் பிரித்த பிறகுதான் பக்கத்தில் இருந்தது அம்மா இல்லை என்று கண்டாள்.

தலை எண்ணுவது பற்றி அந்த நாட்டில் ஒரு பிரபலமான நிகழ்ச்சியே உண்டு. 2012 ஆகஸ்டில், எல்ட்கியா பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சுற்றுலாப் பேருந்தில் ஒரு பெண்ணைக் காணோம் என்று தேடுதல் தொடங்கியது. உண்மையில் அவர் இறங்கி உடையை மாற்றிக்கொண்டு ஏறியிருந்தார், அடையாளம் தெரியவில்லை. காணாமல் போனவரின் அங்க அடையாளம் அறிவிக்கப்பட்டபோது, அது தன்னைத்தான் என்று அவருக்கே புரியவில்லை. தன்னைத் தேடும் கூட்டத்தில் தானும் சேர்ந்து தேடினார். விடிகாலை மூன்று மணி வாக்கில்தான் விஷயம் விளங்கியது.

சாப்பாடு? நாங்க சைவம்.

கெய்சிர் நிறுத்தத்தில்தான் மதிய உணவு. பெரிய உணவகம், கூட்டம். சைவத்துக்கு சூப்பும் ரொட்டியும் கிடைத்தது, பீட்சா கிடைத்தது. ஒரு கிண்ணம் சூப்பின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள், பசி போய்விடும். ‘க்யோட்’ என்று வரும் சொல் எதுவானாலும் அது இறைச்சி. ‘க்யோட்சூபா’ ஆட்டுக்கறி சூப். அசைவக்காரர்கள் விடாதீர்கள் என்றாள் அக்கா. ‘ஃபிஸ்கூர்’ மீன்.

ஸ்கீர் என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். கெட்டித் தயிர் மாதிரி, ஆனால் புளிப்புக் கம்மி. நான் புளியோதரைக்குத் தொட்டுக்கொண்டேன். சுத்த சைவம் பார்ப்பவர்கள் பெட்டியில் உள்ளதைப் படியுங்கள், சில வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதுண்டு. லேய்கர்வத்ன் ஏரிக்கரையில் கம்பு மாவு போல் கறுத்த ரை மாவைப் பாத்திரத்தில் மூடி, சூடான மண்ணில் 24 மணி நேரம் புதைத்து ரொட்டி வேக வைக்கிறார்கள். இனிப்பாக, ஈரமாக இருக்கும். வெண்ணெயோடு சாப்பிட வேண்டும்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது கேவலம் ஒன்றுமில்லை. தோசை மிளகாய்ப்பொடியோடு பேருந்தில் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாயில் குளிர்ந்த நீர் பிடித்துக் குடிக்கலாம்.

வெந்நீரில் முட்டை நாற்றம் அடிக்குமாமே? வெள்ளி நகை கறுக்குமா?

இரண்டும் நிஜம். வெந்நீரில் கந்தகம் கலந்த வாயு இருக்கும், தலைநகரில் பல வீட்டு வெந்நீர்க் குழாயிலும் அந்த வாடை உண்டு. அந்த வெந்நீரில் ஒரு பகுதி நெஸ்யாவெட்லிர் நிலச்சூட்டு நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. நாட்டில் ஏறக்குறைய 90 சதவீத வீடுகளுக்குக் கதகதப்பு நிலச்சூட்டு வெந்நீர்தான் தருகிறது. குடிக்க வேண்டுமானால் குழாயைக் குளிர் பக்கம் திருப்பிச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள். கொலுசு, அரைஞாண், வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் குளிக்கும் முன் கழற்றுங்கள். அம்மா மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் அது கரி. ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்ததில் பழையபடி வெளுத்தது.

என்ன உடுத்துவது? சேலை கட்டலாமா?

அம்மா கட்டினாள். உள்ளே கம்பளிக் காலுறையும் கம்பளி உள்ளுடையும், மேலே மழைக்கோட்டும். அருவி சாரலில் முந்தானை பறந்து பக்கத்தில் நின்றவர் முகத்தை மூடியது. சல்வார் வசதி என்று அவளே ஒத்துக்கொண்டாள். பருத்தி நனைந்தால் குளிரை இழுக்கும், கம்பளி நல்லது. குடை கொண்டுபோக வேண்டாம், ஒரே நிமிடத்தில் திரும்பிக்கொள்ளும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். பனிக்காலம் என்றால் ஷூவுக்கடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை கடைகளில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் வரலாமா?

வரலாம். கெய்சிரில் சமதளம். அருவியில் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம், கீழ்ப்பாதைக்கு நீளப் படிக்கட்டு. பனி உறைந்தால் அருவியை ஒட்டிய பாதையை மூடிவிடுவார்கள். திங்வெட்லிரில் மேலே இறக்கிவிட்டுக் கீழே ஏற்றிக்கொள்வார்கள், இறக்கம்தான், மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். முடியாதவர் வண்டியிலேயே இருந்துகொள்ளலாம், வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது? வட துருவ ஒளி தெரியுமா?

பகல் சுற்றுலாவில் தெரியாது. அதற்கு இரவில் தனிப் பேருந்து, செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. மேகம் மூடினால் அதிலும் இல்லை, எங்களுக்கு இல்லை. ஜூனில் நள்ளிரவு வரை வெளிச்சம், கூட்டமும் அப்படி. டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்தான். பதினொன்றரைக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும், முதல் இடத்தையோ கடைசி இடத்தையோ அரையிருட்டில் பார்ப்பீர்கள். மே, செப்டம்பர் எனக்குச் சரியாகப் படுகிறது.

பணம், டிப்ஸ்?

குரோனா. கார்டு எல்லா இடத்திலும் செல்லும், கழிப்பறைக்கும்கூட. நாங்கள் ஒரு நோட்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. இறங்கும்போது ‘தக்’ என்றால் நன்றி. அம்மா அதையும் சொல்லி, பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் டீச்சரம்மா கையில் திணித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

என்ன வாங்கி வந்தீர்கள்?

கழுத்தைச் சுற்றி வளையக் கோலம் போட்ட கம்பளிச் சட்டை அந்த ஊர் அடையாளம். கையால் பின்னியது விலை அதிகம், முதலில் உடம்பில் குத்தும். மதுரையில் அதை எங்கே போடுவது என்று வாங்கவில்லை. அக்கா வாங்கினாள். நான் வாங்கியது ஒரு பாக்கெட் உப்பு, கரி கலந்த கறுப்பு உப்பு. தயிர்சாதத்தில் போட்டேன். என்ன இது சாதத்தில் எறும்பு என்று சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டார்.